இருநூற்று அறுபத்திரண்டுக்கு ஒரு ஃப்ளெக்ஸ்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் காலை. கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, அது கண் விழிக்கட்டும் என்று காத்திருந்தேன். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு என் அக்கா மகள் ஷைனி உள்ளே வந்தாள். வாடிக்கையாளர்களுக்கான பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, கால் மேல் கால் போடாத குறையாக உட்கார்ந்தாள்.

"மாமா, ஒரு ஃப்ளெக்ஸ் அடிக்கணும்."

"யாருக்குளா?"

"எனக்குத்தான். பத்துக்கு எட்டு."

பத்தடிக்கு எட்டடி. ஒரு வீட்டுச் சுவரையே மறைக்கும். நான் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தேன். சங்கடம் வந்தால் கீபோர்டைத் துடைப்பது என் வழக்கம். அதனால் எங்கள் கடைக் கீபோர்டு வருடம் முழுக்கப் பளபளவென்றுதான் இருக்கும்.

அன்றைய சங்கடத்துக்குக் காரணம் உண்டு. ஷைனி ஐந்நூற்றுக்கு இருநூற்று அறுபத்திரண்டு எடுத்திருந்தாள்.

கீழ் வரிசை முகங்கள்

தூத்துக்குடியில் ஹார்பருக்குப் போகும் வழியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் போடுகிறவன் நான் என்று முன்பே இந்தத் தொடரில் எழுதியிருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். மே மாதம் வந்தால் பிள்ளைகளின் மார்க்.

மார்க் ஃப்ளெக்ஸுக்கு என்று ஒரு இலக்கணம் இருக்கிறது. நடுவில் பிள்ளை, யூனிஃபார்மில். பக்கத்தில் மார்க், சிவப்பு எழுத்து, மஞ்சள் கரை. பின்னால் ஒரு சிங்கம் அல்லது ராக்கெட். கீழ் வரிசையில் வாழ்த்துகிறவர்களின் முகங்கள். பரீட்சை எழுதியது பிள்ளை. கூலிங் கிளாஸ் போட்டு நிற்பது மாமா, சித்தப்பா.

ஒருமுறை கீழ் வரிசையில் இருபத்து மூன்று முகங்கள் வந்தன. வாட்ஸ்அப்பில் வந்ததை எல்லாம் போடச் சொன்னார்கள், போட்டேன். மாட்டிய பிறகு பார்த்தால் அதில் ஒருவரை அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியவில்லை. விசாரித்ததில் அவர் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர். அவர் படம் எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்தத் தெருவுக்குச் சிலிண்டர் கொண்டுவரும்போதெல்லாம் ஒரு நிமிடம் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் போவார் என்று சொன்னார்கள்.

ஒரு மாதம் கழிந்தால் இந்தப் படங்கள் வேறு வேலைக்குப் போய்விடும். ஃப்ளெக்ஸ் மழைக்கு நனையாது. உப்பளத்தில் மோட்டாரை மூடும், கரையில் ஏற்றி வைத்த வள்ளத்தை மூடும். மாப்பிள்ளையூரணிப் பக்கம் ஒரு ஆட்டுக் கொட்டகைக்குப் பக்கவாட்டு மறைப்பாக நான் போட்ட ஃப்ளெக்ஸ் ஒன்றைப் பார்த்தேன். நானூற்று எண்பத்தேழு எடுத்த ஒரு பையன் அதில் சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு கிடா நிதானமாக அவனுடைய அறிவியல் மார்க்கைத் தின்றுகொண்டிருந்தது.

மார்க் எல்லாம் பொய் என்று சொல்ல வரவில்லை. அந்தப் பையன் விழுந்து விழுந்து படித்தவனாகத்தான் இருப்பான். ஆனால் என் தொழிலில் ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். சீசனில் எனக்கு நேரம் இருக்காது. ஒரு டிசைனைத் திறந்து பழைய முகத்தை எடுத்துவிட்டுப் புது முகத்தை வைப்பேன். நானூற்று எண்பது என்ற எண்ணை மட்டும் மாற்றாமல், அதே மார்க் எடுத்த மூன்று பிள்ளைகளுக்கு அப்படியே வைத்திருக்கிறேன். மூன்று பேருக்கும் பொருத்தமாகத்தான் இருந்தது. பக்கத்தில் நிற்பது யார் என்று அந்த எண்ணுக்கு ஒரு கவலையும் இல்லை.

வாய் தவறிக் கொடுத்த வாக்கு

ஷைனியின் அம்மா ரோஸ்லின் என் அக்கா. அவளுடைய கொழுந்தனார் மகன் ஆல்வின். அக்காவுக்கு அடுத்த வீடு. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவன் நானூற்று எண்பத்தொன்று எடுத்தான். எங்கள் பக்கத்தில் இந்த மாதிரி ஃப்ளெக்ஸ் போடுவது தாய்மாமன் உரிமை. அவனுடைய தாய்மாமன் ஏரலில் இருந்து வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, சிங்கம் ஒன்று போதாது என்று இரண்டாகப் போட வைத்தார்.

அப்போது எட்டாம் வகுப்பில் இருந்த ஷைனி என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, எனக்கும் போடுவீங்களா?"

"போடுவேன்."

"எம்புட்டு எடுத்தாலும்?"

நான் ஒரு சித்தப்பாவின் காதை வெட்டிவிடாமல் ஓரத்தைச் செதுக்கும் மும்முரத்தில் இருந்தேன். "எம்புட்டு எடுத்தாலும்" என்றேன்.

அதைத்தான் இப்போது நினைவுபடுத்தினாள். ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஞாபகசக்தி இல்லாத பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்களாம். எந்த ஞாபகத்தைச் சொன்னார்களோ தெரியாது.

எங்கள் காலத்தில் இந்தத் தொந்தரவு இல்லை. மாலைப் பேப்பரில் பரீட்சை நம்பர் மட்டும் வரும். நம்பர் இருந்தால் பாஸ். மார்க் தெரிய வேண்டும் என்றால் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். அங்கே நான்கு பேர் இருப்பார்களே என்ற கூச்சத்தில் நான் ஒரு வாரம் போகவில்லை. அந்த மார்க்கை இப்போது கேட்டால் சத்தியமாக எனக்கே நினைவில்லை. வேலைக்கு வந்த அன்று முதலாளி கேட்டது ஒரே கேள்விதான்: "தமிழ் டைப்பிங் தெரியுமால?"

வெட்டுத் துண்டுகள்

ஷைனிக்குக் கணக்கு என்றால் காய்ச்சல். ஒன்பதாம் வகுப்பில் அவள் வாங்கிய கணக்கு மார்க்குகளை எண்ண ஒரு கை விரல்கள் போதும். பத்தாம் வகுப்பு அரையாண்டில் பதினொன்று. "இது தேறாது" என்று வகுப்பிலேயே சொல்லிவிட்டார்களாம்.

அதன் பிறகு சாயங்காலம் தோறும் என் கடைக்கு வர ஆரம்பித்தாள். ஃப்ளெக்ஸ் வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைத் துண்டுகள் நீளநீளமாக விழும். அதை எடுத்துத் தரையில் விரித்து, மார்க்கர் பேனாவால் கணக்குப் போடுவாள். வடிவியலில் ஒரு கேள்வி எட்டு மார்க், வரைபடத்தில் ஒரு கேள்வி எட்டு மார்க். இந்த இரண்டையும் விடாமல் பிடித்தால் பதினாறு வந்துவிடும், மிச்சத்தை அங்கங்கே பொறுக்கிக்கொள்ளலாம் என்பது அவள் திட்டம். முக்கோணம் முக்கோணமாகப் போட்டாள். கவராயம் குத்திக் குத்தி எங்கள் கடைத் தரை விரிப்பில் இன்றும் ஓட்டை இருக்கிறது.

வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போடுவாள். தப்பாகப் போனால் தன்னையே திட்டிக்கொள்வாள். "மூதி, மறுபடியும் அங்கனயே போயி விழுந்த பாரு." பிறகு முதலில் இருந்து தொடங்குவாள்.

ரிசல்ட்டில் கணக்குக்கு முப்பத்தெட்டு. முப்பத்தைந்துக்கு மேலே மூன்று.

"எடுத்தது இருநூத்தி அறுவத்திரெண்டுதானளா," என்று நான் இழுத்தேன்.

"ஆமா. அதத்தான் போடச் சொல்லுதேன். கணக்கு முப்பத்தெட்டுன்னு தனியா ஒரு வட்டத்துல போடுங்க."

"சிங்கம்?"

கொஞ்சம் யோசித்தாள். "சிங்கம் வேண்டாம். கூடிப் போயிரும்."

அக்காவின் தரப்பு

அடுத்த பத்தாவது நிமிடம் அக்காவின் போன். ஷைனி வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறாள். அக்கா இறால் கம்பெனியில் தரம் பிரிக்கும் வேலை பார்க்கிறாள். பெரியது, நடுத்தரம், பொடி என்று கண்ணாலேயே அளந்து கூடைக்குள் தள்ளுவாள். கை தப்பாது.

"ஏலே, ஒனக்குக் கிறுக்கா? ஆல்வின் ஃப்ளெக்ஸு தொங்குன தெருவுல இதக் கொண்டாந்து மாட்டப் போறியாம்லா? போறவன் வாரவன்லாம் சிரிக்கணுமா?"

"நான் வாக்குக் குடுத்துட்டேன்க்கா."

"பெரிய வாக்கு. கல்யாணத்துல ரெண்டு வார்த்த பேசச் சொன்னதுக்கு மைக்கப் பாத்து மண்டபத்த விட்டு ஓடுனவன் நீ. ஒனக்கு எதுக்குல வாக்கு?"

இதில் பொய் ஒன்றும் இல்லை. மறுபடியும் கீபோர்டைத் துடைத்தேன்.

அக்காவின் குரல் இறங்கியது. "கம்பெனில நானூறு வரும்னு சொல்லி வச்சிருந்தேன்ல. இப்ப கோயில்ல கேக்காவ, பஸ்ல கேக்காவ. பாஸ் ஆயிட்டான்னு சொல்லிட்டுப் பேச்ச மாத்துதேன். நீ அத எட்டடிக்கு எழுதி மாட்டப் போற."

ரிசல்ட் வந்ததில் இருந்து அக்கா அந்த எண்ணை ஒருமுறைகூட வாயால் சொல்லவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அது" என்றுதான் சொல்வாள். ஷைனியும் அதைக் கவனித்திருக்கிறாள்.

"அம்மாவுக்கு எல்லாத்தையும் தரம் பிரிச்சே பழகிப் போச்சு," என்றாள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கையில் என் ஸ்கேலை வைத்துக்கொண்டு மேசை ஓரத்தைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு வேண்டியது ஃப்ளெக்ஸ் இல்லை என்று எனக்குப் பட்டது. தான் எடுத்த மார்க் வீட்டில் ஒருவருக்காவது வேண்டும்.

அத்தானுக்குப் போன் போட்டேன். கண்டெய்னர் லாரியோடு கிருஷ்ணகிரி பக்கம் இருந்தார். "போடுல மாப்ள. ஆனா எம் போட்டோ வேண்டாம். ஒங்கக்காவோட நான் இன்னும் குடும்பம் நடத்தணும்லா," என்றார்.

மற்ற மாமா சித்தப்பாக்களும் அதையே வெவ்வேறு விதமாகச் சொன்னார்கள். ஒருவருக்கு நல்ல போட்டோ இல்லை. ஆல்வின் ஃப்ளெக்ஸில் கூலிங் கிளாஸோடு நின்றவருக்குத் திடீரென்று விளம்பரம் பிடிக்காமல் போய்விட்டது.

கீழ் வரிசை காலியாகக் கிடந்தது. ஷைனி என்னைப் பார்த்தாள்.

பதினைந்து வருடமாக ஊரார் முகத்தை எல்லாம் வெட்டி ஒட்டியிருக்கிறேன். என் முகத்தை ஒரு நாளும் வைத்ததில்லை. என் கல்யாண ஆல்பத்திலேயே முக்கால்வாசிப் படங்களில் என் உச்சந்தலைதான் இருக்கிறது. வேறு படம் கிடைக்காமல் ஆதார் அட்டையில் இருந்ததை எடுத்து வைத்தேன். பயந்துபோய் யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது. "வாழ்த்தி மகிழும் தாய்மாமன்" என்று அதன் கீழே அடித்தேன்.

சுடலையின் உதவி

இனிமேல் நடந்ததற்கு என் கூச்சம்தான் காரணம்.

பெரிய மெஷின் வேறு கட்டடத்தில் இருக்கிறது. அங்கே சுடலை பிரிண்ட் போடுவான். அச்சாகி வந்த ஒவ்வொரு ஃப்ளெக்ஸையும் விரித்துப் பார்த்துத்தான் நான் வெளியே அனுப்புவேன். இதை மட்டும் விரிக்கவில்லை. எட்டடிப் படத்தில் என் முகத்தை நானே பார்க்கத் தைரியம் இல்லை. மறுநாள் காலை, சுருட்டியபடியே கட்டுகிறவர்களிடம் கொடுத்துவிட்டேன். ரோட்டோரம் இப்போது அனுமதி இல்லை. அதனால் அக்கா வீட்டு மாடிச் சுவரில் கட்டச் சொன்னேன். ஷைனி அன்று காலையிலேயே பள்ளிக்கூடத்துக்கு, பிளஸ் ஒன் விண்ணப்பம் வாங்கப் போய்விட்டாள்.

மத்தியானம் மூன்றரை மணிக்கு அக்காவின் போன். திட்டு வாங்கத் தயாராக எடுத்தேன்.

"ஏலே, நல்லாத்தான்ல இருக்கு," என்றாள். குரலில் தேன் ஒழுகியது. "நீ இம்புட்டு வெவரமா இருப்பன்னு நான் நெனைக்கவே இல்ல. எதுத்த வீட்டுத் தெரசக்கா வாயத் தொறந்தவ மூடல."

அக்கா என்னைப் பாராட்டினால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

மாடிச் சுவரில் ஷைனி சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சிவப்பில் நானூற்று அறுபத்திரண்டு. வட்டத்துக்குள் கணக்கு எண்பத்தெட்டு.

அங்கே நின்றே சுடலைக்குப் போன் போட்டேன்.

"ஆமா அண்ணாச்சி, நான்தான் ஃபைலத் தெறந்து மாத்துனேன்," என்றான். "இருநூத்தி அறுவத்திரெண்டுக்கு எவனாவது ஃப்ளெக்ஸ் அடிப்பானா? அண்ணாச்சி அவசரத்துல தப்பா அடிச்சிட்டாவன்னு நெனச்சேன். நானூத்தி அறுவத்திரெண்டு எடுத்த பிள்ள கணக்குல முப்பத்தெட்டா எடுக்கும்? அதையும் சரி பண்ணிட்டேன். எவனாவது நோண்டிக் கேட்டா ஒங்களுக்குத்தான அசிங்கம்?"

அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. மனுசன் நல்லது நினைத்துத்தான் செய்திருக்கிறான்.

"அக்கா, நாளைக்கு வேற அடிச்சுட்டு வாரேன்," என்றேன்.

அக்கா வாசலில் நின்று மேலே பார்த்தபடி சொன்னாள்: "கெடக்கட்டும்ல. யாருக்கு என்ன நட்டம்? ஒரு வாரம் கெடந்துட்டுப் போவுது."

அவள் முகத்தைப் பார்த்தேன். மூன்று நாளாக வாடிக் கிடந்த முகம் அது. இப்போது மலர்ந்திருந்தது.

யாரு மாமா இந்தப் பிள்ள?

விண்ணப்பத்தைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு ஷைனி தெருமுனையில் திரும்பினாள். தூரத்தில் இருந்தே ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டு ஓட்டமாக வந்தாள். பாதித் தெருவில் ஓட்டம் நடையாகி, வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டது.

கொஞ்ச நேரம் மேலே பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"யாரு மாமா இந்தப் பிள்ள?"

"ஷைனி, சுடலதான் தெரியாம…"

"எம் போட்டோவ வச்சு யாரு மார்க்கப் போட்டிருக்கீய?"

"ஏளா, சத்தம் போடாத. நல்லாத்தான இருக்கு," என்றாள் அக்கா.

ஷைனி அம்மாவைப் பார்த்தாள். குரல் உயரவே இல்லை. "அப்ப நான் எடுத்தது ஒனக்கு வேண்டாமாம்மா?"

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விருட்டென்று குசினிக்குள் போனாள். உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது.

"நாளைக்குக் காலைல புதுசு கட்டிருதேன்," என்றேன்.

"நாளைக்கு வரைக்கும் இவ இங்கனயே நிக்கணுமா?"

வண்டிப் பெட்டியில் எப்போதும் வெள்ளை வினைல் ஸ்டிக்கரும் சிவப்பு மார்க்கரும் வைத்திருப்பேன். சின்னத் தப்புகளை அந்த இடத்திலேயே ஒட்டி மறைத்து எழுதிவிடலாம். ஏணிதான் இல்லை. ஷைனி எதிர் வீட்டுக்குப் போய் வெள்ளையடிக்கிற ஏணியை வாங்கி, தானே தூக்கிக்கொண்டு வந்தாள். சுவரில் சாய்த்துக் கீழே பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஐந்து மணி. தெருவில் குழாயடிக் கூட்டம், லீவு விட்ட பிள்ளைகள், டீக்கடை பெஞ்சு எல்லாம் நிறைந்திருக்கிற நேரம். மைக்கைப் பார்த்து ஓடியவன் ஏணியில் ஏறினேன்.

"அண்ணாச்சி, மேல இருக்கதும் நீருதான், ஏறுறதும் நீருதான். ரெண்டுல எது நல்லா இருக்கு?" என்று டீக்கடையில் இருந்து ஒருவர் குரல் கொடுத்தார். பெஞ்சு முழுக்கச் சிரித்தது.

நான்கை மறைத்து இரண்டு என்று எழுதினேன். வட்டத்துக்குள் முதல் எட்டை மறைத்து மூன்று எழுதினேன். மூன்றின் வால் கொஞ்சம் நீண்டுவிட்டது. எழுதி முடித்தும் இறங்கவில்லை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படித் திரும்புவது? சுவரைப் பார்த்தபடியே, இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டு நின்றேன்.

"மாமா, எறங்குங்க. எல்லாரும் போயாச்சு."

"பொய் சொல்லாதளா."

"சத்தியமா. அம்மா மட்டும் நிக்கா."

கதவு திறந்த சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. அக்கா எப்போது வெளியே வந்தாள், எவ்வளவு நேரமாக அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரியாது. அந்த நேரம் பார்த்து எதிர் வீட்டுத் தெரசக்கா குடத்தோடு வந்தாள்.

"ஏளா ரோசு, மத்தியானம் நானூத்திச் சொச்சம்லா இருந்திச்சு? இப்ப என்ன இருநூறுங்கு?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு அக்கா தொண்டையைச் செருமினாள்.

"மத்தியானம் இருந்தது மெஷின் எடுத்த மார்க்கு தெரசக்கா. இதுதான் எம் பிள்ள எடுத்தது. இருநூத்தி அறுவத்திரெண்டு." கொஞ்சம் நிறுத்தி, சத்தத்தைக் கூட்டினாள். "கணக்குல முப்பத்தெட்டு."

ஏணி ஆடியது. திடுக்கிட்டுக் கீழே பார்த்தேன். ஷைனி ஏணியை விட்டுவிட்டு அம்மாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.